அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கிறது

நார்க்கயிறு தண்ணீரில் ஊறி இழுபடும்போது ஒரு சத்தம் போடும். துருப்பிடித்த கீலில் கதவு மெல்லத் திறப்பதைப் போன்ற சத்தம். கதவு திறந்து முடிந்தால் நிற்கும், இது நிற்காது. அந்த ஐப்பசி நாள் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வடிகால் வாய்க்காலின் குறுக்கே, பாலத்துக்குச் சற்று மேலே, நாங்கள் கட்டிய கயிறு. கயிற்றுக்குப் பின்னால் தண்ணீரே தெரியாத அளவுக்கு வெங்காயத்தாமரை. புத்தகத்தில் ஆகாயத்தாமரை என்று எழுதுவோம். ஊரில் யாருக்கும் அதில் ஆகாயம் தெரிவதில்லை. வடகிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கயிறு அறுந்தாலோ, யாராவது அறுத்தாலோ, அத்தனையும் பாலத்தைத் தாண்டிப் போய் அடுத்த ஊர்ப் பாலத்தின் கண்களில் அடைத்துக்கொள்ளும். அந்த ஊர் நடவு முங்கிப்போகும். அந்த ஊர்க்காரி ஒருத்தி என் மாணவி. கயிற்றின் முடிச்சுக்குப் பக்கத்தில், ஒரு கையை முடிச்சின் மேல் வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது எனக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து ஒரு பருவம்கூட முடிந்திருக்கவில்லை. தற்காலிக விரிவுரையாளர். மார்ச்சில் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்குக் கொடுத்திருந்த தாள் சுற்றுச்சூழல் அறம். எந்தத் துறை மாணவரும் எடுக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு. துறைத்தலைவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ரொம்ப அலட்டிக்காதீங்கம்மா. மரம் நடணும், பிளாஸ்டிக் கூடாது, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு கேம்ப். பேனரோட ஒரு போட்டோ. முடிஞ்சுது."

எனக்கு அலட்டிக்கொள்ளாமல் இருக்கத் தெரியாது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே பாடம் தயாரிப்பேன். ஆற்றுக்கு உரிமை உண்டா? இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் என்ன விட்டுவைக்க வேண்டும்? வகுப்பில் கேட்டால் பின்வரிசை கொட்டாவி விடும். பட்டுக்கோட்டைப் பையன் ஒருவன், தேங்காய் வியாபாரி மகன், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பான்.

"ஆத்துக்கு உரிமை இருக்கு மேடம். பட்டாதான் இல்ல."

வகுப்பு சிரிக்கும், நானும் சிரித்துவிடுவேன். திரும்பும் பஸ்ஸில் யோசித்தால் அது சிரிப்பாக இருக்காது.

ஒருநாள் கரும்பலகையில் இப்படி எழுதினேன்: குப்பையை வெளியே போடுகிறோம். வெளியே என்றால் எங்கே? எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் சுவரோரம் உட்காரும் வரலாற்றுத் துறைப் பெண் எழுந்து நின்றாள். அதுவரை வருகைப் பதிவுக்குத் தவிர வாய் திறக்காதவள்.

"எங்க ஊரு மேடம்."

"என்னம்மா?"

"வெளியேன்னா எங்க ஊரு."

வகுப்பு சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"போன வருஷம் எங்களுக்கு மேல இருக்கிற ஊர்ல நம்ம யுனிவர்சிட்டி கேம்ப் போட்டுச்சு. வாய்க்கால சுத்தம் பண்ணாங்க. வெங்காயத்தாமரைய வெட்டி வெட்டி தண்ணியோட தள்ளி விட்டாங்க. அது அப்படியே வந்து எங்க பாலத்துல அடைச்சுக்கிச்சு. அந்த வாரமே மழை. தண்ணி வடியல. நட்டதெல்லாம் அழுகிப்போச்சு. எங்கப்பா மறுநடவுக்கு நாத்து தேடி எங்கெல்லாமோ அலைஞ்சாரு. கிடைக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "கேம்ப் போட்டோ நம்ம டிபார்ட்மெண்ட் போர்டுல இன்னும் இருக்கு மேடம்."

வகுப்பு முடிந்ததும் போய்ப் பார்த்தேன். இருந்தது. பேனர், தொப்பி, கட்டைவிரலை உயர்த்திய மாணவர்கள், பின்னால் பளபளவென்று தண்ணீர். அழகான படம். படச்சட்டத்துக்கு வலப்பக்கம், இரண்டு மூன்று மைல் தள்ளி, அவளுடைய அப்பாவின் வயல் இருந்திருக்கிறது.

அந்த வருடக் கேம்ப் எங்கே என்று அப்போதே முடிவாகிவிட்டது. அதே மேலூர், அதே வாய்க்கால். ஆனால் ஒரு இலையைக்கூடத் தள்ளிவிடப் போவதில்லை, வெட்டியதைக் கயிறு போட்டுத் தடுத்துக் கரையில் ஏற்றப் போகிறோம். வகுப்பில் சொன்னதும் பின்வரிசைக்குக் கொட்டாவி போய்விட்டது. துறைத்தலைவர், "எங்க வேணா போட்டுக்குங்க, பேனர்ல துறை பேரு பெருசா இருக்கணும்" என்றார்.

எங்கள் அத்தாவுக்குக் கும்பகோணத்தில் கயிற்றுக்கடை. விஷயத்தைச் சொன்னேன். "வாய்க்காலுக்கு எதுக்கும்மா வடம்? திருவிடைமருதூர்ல போய்த் தேர் இழுக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே கடையில் இருந்ததிலேயே கனமான நார்வடத்தை இறக்கிக் கொடுத்தார். நைலான் கேட்டேன். "பசங்க கைய அறுத்துடும்" என்று மறுத்துவிட்டார்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாலத்தின் இரண்டு முனைகளிலும் இரண்டு கழகங்களின் கொடிக்கம்பங்கள். "இதுலயே கட்டிடலாமா மேடம், ஸ்ட்ராங்கா இருக்கு" என்று பட்டுக்கோட்டைப் பையன் கேட்டதும் ஊர்க்காரர் ஒருவர் பதறிப்போய், "தம்பி, அதத் தொட்டா வேற கேஸ்" என்றார். இடக்கரையில் ஒரு பூவரசு, வலக்கரையில் ஒரு வாதமடக்கி மரம். இரண்டுக்கும் நடுவே வடத்தை இழுத்துக் கட்டினோம். மேலே போன ஒரு குழு, மூங்கிலில் கட்டிய அரிவாளால் வெங்காயத்தாமரையைப் பாளம் பாளமாக அறுத்துவிட்டது. பாளங்கள் மிதந்து வந்து கயிற்றில் முட்டி நின்றன. மாணவிகள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பட்டுக்கோட்டைப் பையன் முதல் பாளத்தைத் துரட்டியால் இழுத்து, கட்டிப் பிடித்துத் தூக்கி, இடக்கரையில் வைத்தான். எல்லோரும் கைதட்டினோம்.

"தம்பி, அத எடு."

சிவப்புத் துண்டு போட்ட ஒருவர் வரப்பிலிருந்து வேகமாக வந்தார். அந்தக் கரையில் இருப்பது கோயில் நிலம். அதைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவர்களின் சங்கத்துக்கு அவர் செயலாளர்.

"ஏம்மா டீச்சரம்மா, யாரக் கேட்டு இங்க வைக்கிறீங்க?"

"வாய்க்கால் கரைதானுங்களே, புறம்போக்கு..."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க." அவர் குரல் சட்டென்று இறங்கியது. "எங்கப்பா காலத்துலேர்ந்து குத்தகை. எங்க அனுபவ உரிமை வரப்போட நிக்குதா, தண்ணி வரைக்கும் வருதான்னுதான் கேஸே ஓடுது. இன்னைக்கு நீங்க கொட்டுங்க, நாளைக்கு ஒருத்தன் வந்து இது குப்பை கொட்டுற பொது எடம்னு அடங்கல் கணக்குல எழுதிட்டுப் போயிடுவான். கோர்ட்ல நாங்க எதக் காட்டுறது?"

"அழுகினா நல்ல எருங்க."

"எருவ நான் வேணாம்னேனா? எழுதுறவன் எருன்னா எழுதுவான்?"

பாளத்தைத் திரும்பத் தண்ணீரில் இறக்கினோம். சரி, ஒரு வாய்க்காலுக்கு இரண்டு கரை இருக்கிறதே என்று பாலத்தைத் தாண்டி ஓடினேன். வலக்கரை ஒரு பெரிய பண்ணைக்குச் சொந்தம். முதலாளி குடும்பம் சென்னைக்குப் போய் டாக்டரும் ஆடிட்டருமாக ஆகி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. நிலத்தைக் காரியஸ்தர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். வெள்ளைச் சட்டை, குடை, ஓரமாக நிறுத்திய மொபெட். நான் வருவதைப் பார்த்துக் காத்திருந்தார்.

"வாங்கம்மா. எந்த ஊரு?"

"கும்பகோணங்க."

"கும்பகோணத்துல எங்க?"

சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அட, கயித்துக்கடை பாய் பொண்ணா? உங்க அத்தாகிட்டதான் நாங்க காலங்காலமா கயிறு வாங்குறோம். தங்கமான மனுஷன்." வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் அதே மலர்ந்த முகத்தோடு சொன்னார்: "ஆனா இங்க ஒரு எலகூட வைக்கக் கூடாது."

"ஏங்க?"

"இன்னைக்கு எல வைப்பீங்க. நாளைக்கு அந்தச் செவப்புத் துண்டு வந்து, பாருங்கய்யா, யுனிவர்சிட்டியே இத பொது எடம்னு ஒத்துக்கிச்சுன்னு கொடி நட்டுடும். கொடிக்கு அப்புறம் குடிசை. முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?" குடையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கு நெலம் நீச்சு உண்டாம்மா?"

"இல்லைங்க."

"அதான்."

அந்த 'அதான்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. பாலத்தின் மேல் திரும்பி நடந்தபோதுதான், இரண்டு கரையிலும் ஒரே பயத்தைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்பது உறைத்தது. ஒருவர் பேசியதில் ஆளை மட்டும் மாற்றினால் மற்றவர் பேசியது. நிலத்தைப் பற்றி இவர்கள் இப்படி அஞ்சும்போது, ஆற்றின் உரிமை என்று நான் வகுப்பில் பேசியதெல்லாம் எந்தக் காற்றில் பேசியது?

யோசிக்க நேரமில்லை. பிரச்சினையை மேலே இருந்த குழுவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் உற்சாகமாக அறுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். போய் நிறுத்துவதற்குள் கயிற்றுக்குப் பின்னால் அடைசல் கெட்டியாகிவிட்டது, ஒரு நாய் அதன் மேல் நடந்து பாதி வாய்க்கால் வரை போய்த் திரும்பி வந்தது. தண்ணீர் மேல்பக்கம் ஏற ஆரம்பித்தது. அதோடு தூறலும். வயலைப் பார்த்துவிட்டு ஆட்கள் பாலத்துக்கு வரத் தொடங்கினார்கள். சங்கத்துக்காரர் ஒரு முனையில் ஏறினார், காரியஸ்தர் மறு முனையில் ஏறினார். இருவரும் நேருக்கு நேர் பேசிப் பல வருடம் ஆகிறது என்று என் காதருகே யாரோ சொன்னார்கள். இருவரும் என் இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள்.

"அவர்கிட்ட சொல்லுங்கம்மா, கயித்த அவுத்துடலாம்னு" என்றார் சங்கத்துக்காரர்.

"எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லுங்க" என்றார் காரியஸ்தர், என்னைப் பார்த்து.

"ஆளு அனுப்புறேன்னு சொல்லுங்க."

"அருவா எங்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க."

ஆக, ஒத்துப்போய்விட்டார்கள். கூட்டத்தில் ஒரு நிம்மதி. அவிழ்த்துவிட்டால் போகிற இடத்துக்குப் போகட்டும், காலங்காலமாக அப்படித்தானே.

"எங்க போகும்?"

அவள்தான் கேட்டாள், பூவரசின் அடியிலிருந்து. கை இன்னும் முடிச்சில் இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ எந்த ஊரு புள்ள?" என்றார் காரியஸ்தர்.

ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"எந்தத் தெரு?"

"எங்க ஊர்ல ஒரே தெருதாங்க."

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. அந்தப் பதிலுக்குள் அதற்கும் பதில் இருந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் இரண்டும் புரிந்தன. அவள் சங்கத்துக்காரரைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கப்பாவ உங்களுக்குத் தெரியுங்க. மாநாட்டுக்கு உங்களோடதான் கொடி புடிச்சுக்கிட்டு வந்தாரு. போன வருஷம் முங்குனது அவரு வயலுதான்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும்மா. நான் என்ன பண்ண? அவுக்கலன்னா என் வயலு முங்குமே. நீயே சொல்லு."

அவள் முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் சொன்னது உண்மை. கயிற்றைக் கட்டியவள் நான். கட்டி வைத்தால் இந்த ஊர், அவிழ்த்தால் அந்த ஊர். காரியஸ்தரின் ஆள் ஒருவன் அரிவாளோடு வாதமடக்கி மரத்துப் பக்கம் இறங்கினான். இரண்டு மாணவர்கள் போய் மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டார்கள். அவன் நின்றான். ஆனால் அரிவாளைக் கீழே போடவில்லை.

துறைத்தலைவருக்குப் போன் போட்டேன். கத்திப் பேசவேண்டியிருந்தது. அவர் அமைதியாகக் கேட்டார்: "போட்டோ எடுத்தாச்சா?"

"சார், இங்க..."

"எடுத்தாச்சுன்னா பசங்கள பஸ்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பி வாங்க. ஊர்ப் பிரச்சினை நமக்கு எதுக்கு? நீங்க டெம்பரரின்னு ஞாபகம் இருக்கட்டும்மா."

போனை அணைத்துப் பையில் போட்டேன். எங்கள் பஸ் டிரைவர் அதற்குள் இன்ஜினைப் போட்டுவிட்டார். ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூர். அரிவாள்காரன் என்னைப் பார்த்தான். நான் ஏறுவேன் என்று காத்திருக்கிறான். கயிறு முனகியது.

"மேடம்." பட்டுக்கோட்டைப் பையன் முழங்கால் வரை சேறோடு பக்கத்தில் வந்தான். "ரோட்ல போட்டா?"

"என்னது?"

"இந்தக் கரைக்குக் கேஸ் இருக்கு, அந்தக் கரைக்கு முதலாளி இருக்காரு. ரோட்டுக்கு யாரு மேடம் இருக்கா? ஹைவேஸ். கலெக்டர் வந்து நின்னாகூட இது என் அனுபவம்னு சொல்ல முடியாது."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சொன்ன மறுநிமிடம் நானும் அவனும் பாலத்தின் தார்ச்சாலையைப் பார்த்தோம். கயிற்றிலிருந்து பாலம் கூப்பிடு தூரம்கூட இல்லை. சங்கத்துக்காரரிடம் கேட்டேன், "ரோட்ல போட்டா உங்களுக்கு ஆட்சேபணை உண்டுங்களா?" காரியஸ்தரிடமும் கேட்டேன். இருவரும் யோசித்தார்கள். எந்தப் பக்கம் யோசித்தாலும் சாலையில் போட்டதை வைத்து யாருக்கும் எதிராக யாரும் எதையும் எழுதிவிட முடியாது. "உங்க இஷ்டம்" என்றார் ஒருவர். "ஆனா சீக்கிரம்" என்றார் மற்றவர்.

வரிசை கட்டினோம். தண்ணீரில் நின்றவர்கள் இழுத்துக் கொடுக்க, பாலத்தோரப் படியில் நின்றவர்கள் வாங்கி மேலே எறிய, மேலே நின்றவர்கள் குவிக்க. ஒரு பாளம் நனைந்த மெத்தை மாதிரி கனக்கும், வேரிலிருந்து கருப்புத் தண்ணீர் சட்டைக்குள் ஓடும். அவள் வரிசையின் முதல் ஆளாகத் தண்ணீரில் நின்றாள், முடிச்சைக் காக்க வேறு இருவரை வைத்துவிட்டு. அடைசலில் ஒரு சந்து திறந்து தண்ணீர் பாய்ந்தபோது ஊர் ஆட்கள் கொஞ்சம் பின்வாங்கினார்கள். யாரும் கைகொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. பாலத்தில் குவியல் இடுப்புயரம் ஆனது, தோளுயரம் ஆனது.

கும்பகோணம் டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மறியலா? முன்னாடியே சொல்லியிருந்தா நான் சுத்திப் போயிருப்பேன்ல?"

"மறியல் இல்லண்ணே."

"ரோட்ட மறிச்சிருக்கீங்க, மறியல் இல்லங்குறீங்க. எதுக்குத்தான் மறியல் பண்ணாம இருக்கீங்கன்னாவது சொல்லுங்க."

வெற்றிலைக் கூடையோடு இறங்கிய ஒரு அம்மாள் எங்களைத் திட்ட ஆரம்பித்தார். சந்தைக்குள் போகாவிட்டால் வெற்றிலை வாடும். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் வேன், மோட்டார் சைக்கிள்கள். எங்கள் பக்கத்தில் நெல் மூட்டை தேங்கினாலும், தண்ணீர் வராவிட்டாலும், எதுவானாலும் ரோட்டுக்கு வந்தால்தான் பொதுப் பிரச்சினை. அதனால் ரோடு அடைபட்டால் போலீஸ் எங்கிருந்தாலும் வந்துவிடும். சப்-இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது.

"எந்தக் கட்சி?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

"கட்சி இல்ல சார், யுனிவர்சிட்டி."

"யாரு இன்சார்ஜ்?"

"நான்தான் சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்து வெங்காயத்தாமரை வேர் தொங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "மறியல் பண்றதுக்குப் பர்மிஷன் வாங்கினீங்களா?"

"மறியல் இல்ல சார். பாடம்."

"பாடமா?" கண்டக்டர் பக்கம் திரும்பிச் சிரித்தார், கண்டக்டரும் கடமைக்குச் சிரித்தார். "சரி, பாடம் முடிஞ்சுது. ரோட்டக் கிளியர் பண்ணுங்க. டேய், எல்லாரும் சேர்ந்து அந்தப் பக்கம் தள்ளுங்கடா, ரெண்டு நிமிஷ வேலை."

அவர் கை நீட்டிய அந்தப் பக்கம், பாலத்தின் கீழ்ப்புறம். கைப்பிடிச்சுவர் முழங்கால் உயரம்தான். தள்ளினால் நேராக வாய்க்கால். காலையிலிருந்து இழுத்து, தூக்கி, எறிந்து குவித்தது அவ்வளவும் ரெண்டு நிமிஷத்தில் அவள் ஊருக்குப் போய்விடும். பஸ் பயணிகள் ஆர்வமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். வெற்றிலை அம்மாள்கூடக் கூடையை இறக்கி வைத்தார். இத்தனை நேரம் வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் இப்போது உதவும் குணம் வந்துவிட்டது.

அவள் ஓடிவந்து அந்தச் சுவரின் முன்னால் நின்றாள். பட்டுக்கோட்டைப் பையன் போய் அவள் பக்கத்தில் நின்றான். பிறகு பின்வரிசைக்காரர்கள். பிறகு எல்லோரும் சுவர் நெடுக, ஈர உடம்போடு, கை கோத்து. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"என்னம்மா இது?" சப்-இன்ஸ்பெக்டரின் குரல் மாறியிருந்தது. "லத்தி எடுக்க வைக்காதீங்க. என்ன பாடம் இது?"

"சுற்றுச்சூழல் அறம் சார்."

"அறம்னா?"

மாதக்கணக்கில் வகுப்பில் பேசியிருக்கிறேன். எத்தனையோ வரையறைகள் எழுதிப்போட்டிருக்கிறேன். அந்த மழையில் ஒன்றும் வரவில்லை. "அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கு சார்" என்றேன். "அந்தப் பக்கம் தள்ளாம இருக்கிறது, அவ்வளவுதான்."

அவர் சுவரைத் தாண்டிக் கீழே தண்ணீரைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். தொப்பியை எடுத்து நீரை உதறினார். அவர் இரக்கப்பட்டாரா, இத்தனை கல்லூரிப் பெண்கள் மீது கை வைத்தால் நாளை பேப்பரில் வருமே என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற டிராக்டரைப் பார்த்துக் கை காட்டினார். "டேய், பொட்டி காலியா இருக்கா? முன்னாடி வா." டிராக்டர்காரர் ஏதோ முனக, "லைசென்ஸ் இருக்கா?" என்றார். முனகல் நின்றது. "இதுல ஏத்துங்க. உங்க யுனிவர்சிட்டிக்கே கொண்டு போங்க. பாடம் அங்க நடக்கட்டும்."

சாலையில் இருந்ததை ஏற்றினோம். இருட்டுவதற்குள் மழை வலுத்துவிட்டது. வாய்க்காலில் பாதிக்கு மேல் கயிற்றுக்குப் பின்னாலேயே இருந்தது, ஆனால் நடுவில் திறந்த சந்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மிச்சத்தைக் காலையில் வந்து எடுக்கிறோம், கயிறு மட்டும் இருக்கட்டும் என்று கேட்டேன். "நாங்க பாத்துக்கறோம்" என்றார் சங்கத்துக்காரர். "நாங்க பாத்துக்கறோம்" என்றார் காரியஸ்தரும். அவள் எங்கள் பஸ்ஸில் ஏறவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோடு ஊருக்கு நடந்தாள்.

பல்கலைக்கழகத்தில் காவலாளி டிராக்டரைப் பார்த்துக் கேட்டை மூடினார். "இங்க எங்க மேடம் கொட்டுறது? வெளிய எங்கயாவது கொட்டக் கூடாதா?"

"வெளியேன்னா அந்தப் புள்ள ஊருண்ணே" என்றான் பட்டுக்கோட்டைப் பையன். காவலாளிக்குப் புரியவில்லை, ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டைத் திறந்தார். துறை வாசலில், அந்தப் படம் இருந்த போர்டுக்கு நேர் எதிரே கொட்டினோம். துறைத்தலைவர் மாடியிலிருந்து பார்த்தார். இறங்கி வரவில்லை. "மார்ச்ல பாப்போம்" என்று மட்டும் மேலிருந்து சொன்னார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மேலூர்ப் பாலத்தில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. வாய்க்கால் சுத்தமாக இருந்தது, அந்தப் போட்டோவில் இருந்ததைப் போலவே. பூவரசு மரத்தில் பாதி வடம் தொங்கியது. வாதமடக்கியில் பாதி வடம் தொங்கியது. இழுத்துப் பார்த்தேன். புரி புரியாக அறுந்திருக்கவில்லை, அரிவாளால் ஒரே வெட்டு. நட்டநடுவில் வெட்டியிருந்தார்கள், எந்தக் கரைக்காரன் வெட்டினான் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி. அதற்கு அந்த நீரோட்டத்தில் யாரோ கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும். இன்னொருவர் கரையிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கரையிலும் ஒருவரும் இல்லை.

கீழூருக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் தெரிவதற்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. ஒரு டவுன் பஸ், இரண்டு மணல் லாரிகள், சைக்கிள்கள். சின்னப் பாலம், இரண்டே கண். பாலத்தின் மேல் ஊரே நின்றது. ஆண்களும் பெண்களும் துரட்டி போட்டு வெங்காயத்தாமரையை இழுத்து ரோட்டில் குவித்துக்கொண்டிருந்தார்கள். கீழே தள்ள அவர்களுக்கும் ஒரு பக்கம் இருந்தது. அவர்களுக்குக் கீழேயும் ஓர் ஊர் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் தள்ளவில்லை. அவள் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு குவியலின் மேல் நின்று, எங்கே போடவேண்டும் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

அதே ஜீப் எனக்குப் பின்னால் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடித் திறந்தார்.

"இதுவும் பாடமாம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் மேலிருந்து சொன்னாள்: "இல்ல சார். இது மறியல். லாரி வர்ற வரைக்கும்."

அவர் மணல் லாரிகளைப் பார்த்தார். அவற்றின் டிரைவர்கள் அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

லாரி ஏற்பாடானது. ஒரு கண் திறந்தபோது பாலமே அதிர்வதுபோல் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. இரண்டாவது கண் திறக்க மத்தியானம் ஆனது. என் வகுப்பு நேரம் தாண்டியிருந்தது, வகுப்பு முழுவதும் அதற்குள் இங்கே வந்திருந்தது. வருகைப் பதிவைப் பாலத்திலேயே எடுத்துக்கொள்ளலாமா என்று பட்டுக்கோட்டைப் பையன் கேட்டான். எடுத்தேன்.

சாயங்காலம் வயல் பக்கம் போனோம். மேட்டு வயல்களில் நாற்றின் நுனி தெரிந்தது, சேறு பூசிய பச்சை. அவள் அப்பா வரப்பில் குந்தி உட்கார்ந்து ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், மோந்து பார்த்தார், திரும்ப அதே இடத்தில் ஊன்றினார். அவர்கள் வயலின் தாழ்ந்த மூலையில் மட்டும் தண்ணீர் இன்னும் நின்றது, அங்கே நுனி தெரியவில்லை. அவள் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் கயிறு வேணும் மேடம்" என்றாள். "அறுத்ததையே முடிச்சுப் போட்டுக்கலாம். மேல இன்னும் இருக்கு."